பேர் ஏறும் நாளின் கோப்பை

தம்பி, இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும். இப்போது உனக்கு ஆறு வயது. அம்மாவோடும் தாத்தாவோடும் ஞாயிறு பூசைக்குப் போயிருக்கிறாய். நீங்கள் திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் முடிந்தவரை எழுதிவிட வேண்டும். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை, பொறுமையும் கிடையாது. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் ஆலைகளில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் நான். ஒரு கம்ப்ரசர் ஏன் நின்றது என்று நாலு வரியில் எழுதித் தருவேன். ஒரு மனிதன் ஏன் பொய் சொன்னான் என்று இதுவரை எழுதியதில்லை.

வருகிற வியாழக்கிழமை நீயும் அம்மாவும் பிரான்சுக்குப் போகிறீர்கள். அம்மா பிறப்பால் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி, அவள் வழியில் நீயும். அங்கே ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே எடுத்த வேலைகளை முடித்துக்கொண்டு, விசாவும் வந்தபிறகு, ஒரு வருஷம் கழித்து நான் வருவேன். இந்தக் கடிதத்தை நம் குடும்பப் புத்தகத்தின் அட்டைக்குள் வைக்கப்போகிறேன். பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்தால் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. உன் தாத்தா 'லிவ்ரே' என்பார். அதில் முதல் பக்கத்தில் என் பேரும் அம்மா பேரும், அடுத்த பக்கத்தில் உன் பேரும் இருக்கின்றன. கல்யாணமோ வேலையோ, ஏதாவது ஒரு காகிதத்துக்காக என்றைக்காவது நீ அந்தப் புத்தகத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். அப்போது இது கையில் கிடைக்கும்.

கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. நுரைக்கிற ஒயினை வைத்து வீட்டிலேயே ஒரு நல்ல பானம் கலப்பது எப்படி என்பது ஒன்று. அதைச் செய்யாமலேயே செய்ததாக நான் எல்லோரையும் நம்பவைத்தது எப்படி என்பது இன்னொன்று. முதலாவது மட்டும் போதுமென்றால் உனக்குப் போனிலேயே கிடைக்கும். இரண்டாவதை நான் சொன்னால்தான் உண்டு.

நேற்று அம்மா கூடத்துச் சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி சூட்கேஸுக்குள் வைத்தாள். நாலு பேர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். தாத்தா, அம்மா, நான், விழிதியூரிலிருந்து வந்திருந்த என் அம்மா. உன் அம்மா இடுப்பில் ஒன்றரை வயதில் நீ. "அங்க போய் மொதல்ல இததாங்க மாட்டணும். இவன் இதப் பாத்துத்தான் வளரணும்" என்றாள். நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். அந்த நாலு கோப்பையிலும் இருந்தது ஒயின் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

என் அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவரை நீ பார்த்ததில்லை. விழிதியூரில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம், அது போக ஊராருக்கு டிராக்டர் ஓட்டுவார். ஒளித்துக் குடிப்பவர். வீட்டில் குடிப்பதில்லை என்று என் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் சாராயத்தை ஒரு எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, மேலே தட்டு போட்டு மூடி ஜன்னல் ஓரம் வைத்திருப்பார். யார் கேட்டாலும் தண்ணீர் என்பார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் ஓடிவந்து அந்தச் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். மூன்றாவது மடக்கில்தான் தொண்டை எரிந்தது. மூக்கு வழியாகவெல்லாம் வந்தது. அப்பா கொல்லையிலிருந்து ஓடிவந்து என்னைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினார். "தம்பி, தம்பி, அம்மாகிட்ட சொல்லாதடா. சாமியா இருப்ப, சொல்லாதடா" என்று அழுதார். நான் சொல்லவில்லை. வெயிலில் வாந்தி எடுத்ததாகத்தான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பதினேழு வயதில் அப்பா போனார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி மாதம் எங்கள் பேரே அவருக்கு ஞாபகமில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "குடிக்க மாட்டேன்னு சொல்லு. பாட்டில வாசப்படிக்குள்ள விடமாட்டேன்னு சொல்லு." சொன்னேன். அன்றையிலிருந்து அது எனக்கு ஒரு சேஃப்டி வால்வு மாதிரி. அதை யாரும் தொடக்கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது.

பிறகு உன் அம்மா வந்தாள். அவள் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போனேன். "மூணு நாளா கூப்புடறோம், இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அவள் அப்பா, அதாவது உன் தாத்தா, பிரெஞ்சு ராணுவத்தின் சமையல்கூடத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு காரைக்காலுக்கே திரும்பியவர். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பப் புத்தகத்தில் ஒரு புதுப் பேர் ஏறினால் அன்றைக்கு ஆளுக்கு ஒரு கோப்பை. கல்யாணமானால் ஏறும், பிள்ளை பிறந்தால் ஏறும். கட்டிச் சர்க்கரையில் கசப்புச் சாறு சொட்டி, மேலே நுரைக்கிற ஒயின் ஊற்றி, ஆரஞ்சுத் தோல் ஒன்று பிழிந்துவிடுவது. அதிகாரிகளின் விருந்துகளுக்கு நூற்றுக்கணக்கில் அதைச் செய்துகொடுத்த மனிதர், தன் வீட்டில் வாழ்நாளில் ஏழோ எட்டோ தடவைதான் செய்திருக்கிறார். ஒரு பாட்டில், ஆளுக்கு ஒரு கோப்பை, பிறகு சாப்பாடு. இரண்டாவது பாட்டில் என்ற பேச்சே கிடையாது. குடி என்றால் சொம்பும் வாந்தியும்தான் என்று வளர்ந்தவனுக்கு இது புரியவில்லை. எல்லாம் ஒரே சாராயம்தான், இவர்களுக்குக் கோப்பை மட்டும் நீளம் என்று நினைத்தேன்.

எங்கள் கல்யாணம் புத்தகத்தில் ஏறியபோது அந்தக் கோப்பையைத் தூக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். தாத்தா கோபப்படவில்லை. "சரி மாப்ள. பாட்டில் கெடக்கட்டும். பேரப்புள்ள பேரு ஏறட்டும், அப்ப பாத்துக்குவோம்" என்று அதை அலமாரியில் படுக்கவைத்துவிட்டார். நீ பிறந்தாய். தூதரகத்துக் காகிதமெல்லாம் முடிந்து உன் பேர் ஏறி வரும்போது உனக்கு ஒன்றரை வயது. தாத்தா போன் பண்ணினார். "பாட்டில் ஒங்க வீட்டுக்குள்ள வரலாங்களா மாப்ள?" என்று கேட்டார். கேட்டார் என்பதைக் குறித்துக்கொள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று அவள் முகம் சுருங்கியதை ஒரு தடவை பார்த்தது போதும் என்று இருந்தது. "வரலாம் மாமா" என்றேன். அந்த நொடியே மனதில் வேறு கணக்குப் போட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கில் எனக்குப் பெருமைகூட இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பச்சைத் திராட்சையைப் பிழிந்து மூன்று தடவை வடிகட்டினேன். தித்திப்பைக் குறைக்க எலுமிச்சை, நாக்கில் லேசாகப் பிடிக்க ஒரு ஸ்பூன் தேயிலைச் சாறு. தெரிந்த சோடாக் கடைக்காரரிடம் கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் இரவல் வாங்கி, சாற்றை உறைகிற அளவுக்குக் குளிரவைத்துக் கேஸ் ஏற்றினேன். குளிர்ந்த திரவத்தில்தான் கேஸ் தங்கும். அது என் தொழில். நிறம், நுரை, குமிழ் எல்லாம் அச்சு அசல். அன்று காலை, எட்டு வருஷமாகத் தாத்தா பாதுகாத்து, குளிரவைக்கச் சொல்லி முந்தின நாளே கொடுத்தனுப்பியிருந்த அந்த உண்மையான பாட்டிலைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் திறந்து, வாழைமரத்தடியில் கவிழ்த்தேன். காலி பாட்டிலில் என் சரக்கை ஊற்றினேன். என் அம்மாவிடம் மட்டும் காதோடு சொன்னேன். "ஜூஸ்தாம்மா. பயப்படாம குடி."

தாத்தா வந்தார். கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நானே தொறக்கறேனே மாப்ள" என்றார். கார்க் தெறித்தால் கண் போய்விடும், பிரஷர் விஷயம் என்னிடம் விடுங்கள் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி சொல்லிவிட்டு அடுக்களையிலேயே ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். சர்க்கரைக் கட்டியிலிருந்து குமிழ் நூல் பிடித்த மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. தாத்தா தன் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு "சாந்தே" என்று தூக்கினார். நல்ல சுகம் உண்டாகட்டும் என்று அர்த்தம். எல்லோரும் தூக்கினோம். என் அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அத்தை! எங்களுக்காகவா?" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். உற்றுப் பார்த்தால் உன் அம்மாவின் கண் ஈரமாக இருப்பது தெரியும்.

தாத்தா புறப்படும்போது வாசல் கேட் வரை போனேன். "மாப்ள, கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்க்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒங்க வாழ மரத்துல காச்சிருந்துச்சு."

"மாமா, எங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்…"

"தெரியுங்க. அதனாலதான் கல்யாணத்தப்ப நான் ஒன்னுஞ் சொல்லல. இப்பயும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா எலுமிச்சம்பழச் சாறு வச்சித் தூக்கியிருப்போம். எம் பொண்ணு அழுதா, பாத்தீங்கள்ல? அதுக்கு நான் இப்ப என்னாங்க சொல்றது?"

"நானே சொல்லிடறேன் மாமா."

"சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். அது என் வேல இல்ல" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாலரை வருஷம் ஆயிற்று. நான் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஆறு மாதத்தில், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் உன் அம்மா அதைக் காட்டி, "எங்க அத்தை எங்களுக்காக ஒரு வாய் குடிச்சாங்க" என்பாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். தாத்தா மட்டும் எப்போதாவது, "என்னா சோடா மாப்ள, கேஸெல்லாம் எறங்கிடிச்சா?" என்பார். ஐஸ் ஆலைக்காரனைக் கிண்டல் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாள் மத்தியானம் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. என் அப்பா சாராயத்தைத் தண்ணீர் என்றார். நான் திராட்சைச் சாற்றை ஒயின் என்றேன். குடிக்காதவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன், அப்பாவிடமிருந்து எடுக்கக் கூடாததைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் குடித்ததை அல்ல, அந்தச் சொம்பை மூடிய தட்டை.

ஆகவே நேற்று சாயங்காலம், வாழ்நாளில் முதல் தடவையாக, காரைக்காலில் ஒரு மதுக்கடைக்குள் போனேன். வெளியூர்க்காரர்கள் எல்லை தாண்டிக் குடிக்க வருகிற வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அங்கே என்ன கேட்பதென்று தெரியவில்லை. "நுரை வர்ற மாதிரி ஒயின் இருக்குங்களா?" என்றேன். "பீரா?" என்றார் கடைக்காரர். பீர் இல்லை, ஒயின், கார்க்கில் கம்பி கட்டியிருக்கும் என்றேன். பின்னால் நின்றவர், "கம்பி கட்டுனதெல்லாம் கேக்குறாரு, பெரிய எடம் போல, சட்டுனு குடுத்தனுப்புப்பா" என்றார். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். "இது யாரும் கேக்கறதில்ல சார். பிரெஞ்சுக்காரங்க வீட்டுலேருந்து ஆள் வந்தாத்தான் உண்டு. நீங்க சொல்தா வீடா?" பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "மாப்பிள்ளை" என்றேன்.

பாட்டிலை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்துவிட்டு என் அம்மாவைக் கூப்பிட்டேன். உங்களை வழியனுப்ப விழிதியூரிலிருந்து முந்தாநாளே வந்துவிட்டார். நாளைக்கு எல்லார் எதிரிலும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். இது நிஜமான பாட்டில், நான் தொட மாட்டேன், அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் உள்ளே வராது என்றேன். அவர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். "போன மாசம் கோட்டுச்சேரியில ஒரு கல்யாணத்துல ஒன் மாமனார் வீட்டு ஆளுங்க எங் கையப் புடிச்சிக்கிட்டு, நீங்க பெரிய மனசுக்காரங்கன்னாங்க. எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பேரு எனக்கு வேணாம்டா" என்றார். பிறகு, "நான் ஒன்னக் குடிக்காதன்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுன்னா சொன்னேன்? உள்ள கொண்டா, வெயில்ல வச்சிருக்க" என்றார்.

இப்போது பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நீங்கள் வர இன்னும் ஒரு மணி நேரம். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகக் கேள், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பாட்டிலை முந்தின நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. அவசரப்பட்டு ஃப்ரீசரில் வைக்காதே, உறைந்தால் வெடிக்கும். ஒரு கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் உள்ளே இருக்கிறது. சூடாக இருந்தால் கேஸ் முழுக்க ஒரேயடியாக வெளியே பாயும், பாதி ஒயின் தரையில் போகும். கோப்பை ஒடுக்கமாக, உயரமாக இருக்கட்டும். சோப்பு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது, ஒட்டியிருந்தால் நுரை செத்துவிடும். வெந்நீரில் அலசிப் பருத்தித் துணியால் துடை. கட்டிச் சர்க்கரை இந்தக் கடற்கரை ஈரத்தில் ஒரே நாளில் பிசுபிசுத்து உதிரும், அதனால் நான் அரிசி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். உனக்கு அங்கே அந்தப் பிரச்சினை இருக்காது. ஒரு கட்டியைத் தட்டில் வைத்து, பட்டையும் வேரும் ஊறிய அந்தக் கசப்புச் சாற்றை மூன்று சொட்டு விடு. கடையில் பிட்டர்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். மூன்றுக்கு மேல் விட்டால் கஷாயம். கட்டி சாற்றைக் குடித்து நிறம் மாறியதும் கோப்பையின் அடியில் மெதுவாக இறக்கு.

பாட்டிலைத் திறப்பதுதான் அவசரக்காரனுக்குப் பரீட்சை. கம்பியை முறுக்கு அவிழ்க்கும்போதே கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்க வேண்டும், அதன் பிறகு எடுக்கவே கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பிடி, வாய் யார் முகத்துக்கும் நேரே இருக்கக் கூடாது. கார்க்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பு. அதுவாக மேலே வரும், நீ அதை வரவிடாமல் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். சினிமாவில் மாதிரி சத்தம் வந்தால் நீ தோற்றாய். ஒருவர் மெதுவாகப் பெருமூச்சு விடுகிற அளவுக்குத்தான் கேட்க வேண்டும். கோப்பையைச் சாய்த்து, உள்சுவரோடு ஒயினை வழியவிடு. பாதி ஊற்றி நிறுத்து. நுரை எழும்பும், அடங்கட்டும். நான் இந்த இடத்தில்தான் பறப்பேன், நீ பறக்காதே. பிறகு முக்கால் வரை ஊற்று. கலக்காதே, கலக்கினால் கேஸ் போய்விடும். சர்க்கரைக் கட்டியின் சொரசொரப்பே அதன் வேலையைச் செய்யும், அடியிலிருந்து குமிழை அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசியில் தோல். தாத்தா ஆரஞ்சுத் தோல் போடுவார். நான் இன்று நார்த்தங்காய்த் தோல் எடுத்திருக்கிறேன், விழிதியூர்க் கொல்லையில் காய்த்தது. வெள்ளைப் பகுதி வராமல் மெல்லிசாகச் சீவி, கோப்பைக்கு மேலே பிடித்து ஒரு முறுக்கு. எண்ணெய் தெறிப்பது கண்ணுக்குத் தெரியாது, வாசம் வரும். அவ்வளவுதான்.

அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதுதான். குடி என்றோ குடிக்காதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஒரு தாத்தா அதில் செத்தார், ஒரு தாத்தா வாழ்நாளில் எட்டுக் கோப்பையோடு எழுபத்தாறு வயதில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். நீ இரண்டு பேருக்கும் பேரன். உன் உடம்பு யாருடையது என்பது குடித்துப் பார்க்காமல் தெரியாது, குடித்துப் பார்ப்பதுதான் ஆபத்தும். ஒன்றோடு நிறுத்த முடியவில்லையென்றால் அடுத்த நாளே டாக்டரிடம் போ. என் அம்மாவிடமோ உன் அம்மாவிடமோ சத்தியம் பண்ணிக்கொண்டு நிற்காதே. சத்தியம் பண்ணினால் அதைக் காப்பாற்றுவதற்காகவே பொய் சொல்லவேண்டி வரும். எனக்கு வந்தது. உன் கோப்பையில் என்ன இருக்கிறதென்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியாத நாள் வந்தால், அதில் இருப்பது சாராயமோ தண்ணீரோ, நீ ஏதோ தப்பு செய்கிறாய்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டீர்கள்.

இப்போது மணி நான்கு. தாத்தா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருக்கிறார். நீ அவர் காலடியில் பெட்டி கட்டும் கயிற்றை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எல்லோரையும் மேசைக்கு அழைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் பாட்டிலைத் திறந்தேன். பெருமூச்சு அளவுக்குத்தான் சத்தம் வந்தது. தாத்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கும் உன் அம்மாவுக்கும் ஊற்றினேன். எனக்கும் உனக்கும் எலுமிச்சை சோடா. என் அம்மா, "எனக்கு மோரு குடு" என்று டம்ளரை நீட்டினார். யாரும் தூக்குவதற்கு முன்னால், டூல் பாக்ஸில் இவ்வளவு நாள் கிடந்த பழைய கார்க்கை எடுத்துப் புதுக் கார்க்கின் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன். வாழைமரம், திராட்சை, சோடாக் கடை சிலிண்டர் எல்லாவற்றையும். சுருக்கமாகத்தான் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா நாலரை வருஷம்?

உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தாள். "அத்தை, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஜூஸுன்னு சொல்லித்தான் குடுத்தான். நீ கட்டிக்கிட்டு அழுதியா, அதுக்கப்பறம் எனக்கு வாய் வரல."

"பப்பா?"

"கார்க்கு எம் பாக்கெட்டுலதான்ம்மா இருந்துச்சு" என்றார் தாத்தா.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது." குரலை உயர்த்தவே இல்லை. "நாலரை வருஷமா அந்தப் படத்துல நான் ஒருத்தி மட்டும் அழுதுகிட்டு நிக்கிறேன்."

எழுந்து அறைக்குள் போனாள். சூட்கேஸ் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. துண்டைப் பிரித்துக்கொண்டே வெளியே வந்து, படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். "இது இங்கயே இருக்கட்டும். ஒரு வருஷம் நீங்க பாத்துக்கிட்டே சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கோப்பையில் குமிழ் குறைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது, சனியன், தொழில் புத்தி. தாத்தா தன் கோப்பையைத் தொடவே இல்லை, மகள் தூக்கட்டும் என்று காத்திருந்தார்.

கடைசியில் அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "என்னோடதுல என்னா இருக்கு?"

"ஒயின். கட்டிச் சர்க்கரை. மூணு சொட்டு கசப்பு. நார்த்தங்காத் தோல்."

"ஒங்களோடதுல?"

"எலுமிச்சை சோடா."

கையை நீட்டி என் கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கில் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள். கோப்பையைத் திரும்ப என் முன்னால் வைத்தாள். பிறகு உன்னுடையதையும் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "அம்மா, அது என்னோடது" என்று நீ கத்தினாய். அதற்கப்புறம்தான் தன் கோப்பையைத் தூக்கினாள். தாத்தா தூக்கினார். என் அம்மா மோர் டம்ளரைத் தூக்கினார். நீ எல்லோரையும் முந்திக்கொண்டு "சாந்தே" என்றாய். உன் அம்மா சிரிக்கவில்லை, குடித்தாள்.

இனிமேல் நான் எதை ஊற்றிக் கொடுத்தாலும் அவள் முதலில் ஒரு வாய் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். பார்க்கட்டும். எத்தனை வருஷம் பார்க்கிறாளோ அத்தனை வருஷமும் நான் கோப்பையை நகர்த்தி வைப்பேன். இப்போது உள்ளே சூட்கேஸை மறுபடி மூடிக்கொண்டிருக்கிறாள். படம் இருந்த இடத்தில் உன் கம்பளிச் சட்டை இரண்டை வைத்திருக்கிறாள். அங்கே உங்கள் வீட்டுச் சுவர் கொஞ்ச நாள் காலியாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன். அவள் சரி என்று சொன்னால்தான் புத்தகத்துக்குள் போகும். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். உறையை ஒட்டவில்லை.

உன் அப்பா